அப்பாவிடம் கேட்காமல் விட்டது

உன் அப்பாவுக்கு வைத்திருந்த மூச்சுக்குழாயை நான் எடுக்கச் சொன்னேன் என்று உன் அத்தை சிதம்பரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது தவறு. உன் அப்பாவுக்கு மூச்சுக்குழாய் வைக்கவே இல்லை. வைக்காத ஒன்றை யாரும் எடுக்க முடியாது. வைக்கலாமா என்று டாக்டர் கேட்டார், வேண்டாம் என்று நான் சொன்னேன். நடந்தது அவ்வளவுதான். இரண்டும் ஒன்றுதானே என்று உன் அத்தைக்குத் தோன்றலாம், எனக்குத் தோன்றவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கன்னியாஸ்திரீகளின் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தியவள் நான். செய்த தப்புக்கு மார்க்கைக் குறைக்கலாம். செய்யாத தப்புக்குக் குறைக்கக் கூடாது. நான் செய்த தப்பு வேறு. அது உன் அத்தைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் குழாய்க் கதையை விட்டுவிட்டு அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

போன மாதம் நீ மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு, "அத்தை சொல்றது நெஜமாம்மா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். அதன் பிறகும் ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறாய். மாத்திரை போட்டீங்களா, அங்கே மழையா என்று கேட்கிறாய். போட்டேன், மழைதான் என்று நானும் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வதுபோல் பேசிக்கொள்கிறோம். அன்றைக்கு நான் கோபத்தில் போனை வைத்தேன் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை, பயம். அத்தை சொன்னது பொய் என்று காட்ட வேண்டுமானால் அந்த இரண்டு நாளும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொன்னால், நான் உனக்குச் சொன்ன பொய் வெளியே வந்துவிடும்.

அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே அப்பாவுக்கு நினைவில்லை என்று உன்னிடம் சொன்னேன். அவருக்கு நினைவு இருந்தது. காலை ஒன்பதரையிலிருந்து பிற்பகல் வரைக்கும் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்துக்குள் நீ மூன்று முறை கூப்பிட்டாய். மூன்று முறையும் அவர் என்னிடமிருந்து பத்தடி தூரத்தில் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார்.

தீப்பிடித்தது எப்படி என்பதும் உனக்கு முழுதாகத் தெரியாது. மழை விட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. மஞ்சக்குப்பம் வீட்டுக் கொல்லையில் காற்றில் ஒடிந்த முருங்கைக் கிளையும் வாழை மட்டையும் தென்னை ஓலையும் மதில் ஓரமாகக் குவிந்து கிடந்தன. கிறிஸ்துமஸுக்கு நீ பிள்ளைகளோடு வருவதாக இருந்தது. நகராட்சி ஆள் திங்கட்கிழமை வந்து அள்ளிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தான். எனக்குத் திங்கட்கிழமை வரை பொறுக்கவில்லை. பாம்பு வந்து அடையும் என்று சொன்னேன். உண்மையில் அது பார்வைக்கு அசிங்கமாக இருந்தது, அதுதான் காரணம். அன்றைக்கு விடிந்ததுமே, "பொழுது சாயறதுக்குள்ள அந்தக் குப்பை அங்க இருக்கக் கூடாதுங்க. கொளுத்திவிட்டுருங்க" என்றேன். "ஈரமா கெடக்குது டீச்சர், பத்தாது" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார் என்பது உனக்குத் தெரியும். நான் சொன்னேன்: "முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி லேபுல இருந்தவருக்கு ஒரு குப்பையைக் கொளுத்தத் தெரியலையாக்கும்." அவர் சிரித்துக்கொண்டே போனார். ஸ்கூட்டருக்காகப் பாட்டிலில் வைத்திருந்த பெட்ரோலை எடுத்துக்கொண்டு போனது எனக்குத் தெரியாது. அண்ணாமலை நகரில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தவர், பையன்களிடம் ஸ்பிரிட் பாட்டிலை விளக்குக்குப் பக்கத்தில் வைக்காதே என்று நாள் முழுக்கக் கத்தியவர், என் ஒரு வார்த்தைக்காக அதைச் செய்தார். நான் உள்ளே கிறிஸ்துமஸ் குடிலுக்கு விரிக்கும் துணியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கனமான மூட்டையைத் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவருடைய வேட்டி இடுப்புக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. அது பாலியெஸ்டர் கலந்த வேட்டி. அழுக்கு சுலபமாகப் போகும் என்று நான்தான் பார்த்து வாங்கியிருந்தேன்.

கடலூரில் முதலுதவி செய்து சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எரியுதாங்க?" என்று கேட்டேன். "எரியலை டீச்சர். குளிரத்தான் செய்யுது" என்றார். நான் மாதாவுக்கு நன்றி சொன்னேன். எரியவில்லை என்றால் காயம் லேசானது என்று நினைத்துவிட்டேன். ஆலப்பாக்கம் தாண்டும்போது அவர், "பேன்ட் போட்டிருந்தா தப்பிச்சிருப்பேன் பாரு, ரிட்டயர் ஆவாமயே இருந்திருக்கலாம்" என்றார். அந்த நிலையிலும் அப்படிப் பேசினார். "பேசாதீங்க, தெம்பை வீணாக்காதீங்க" என்றேன். அன்றைக்கு அவரிடம் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். பேசாதீங்க.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த டாக்டர் வடலூர்ப் பக்கத்துப் பெண். என் பழைய மாணவிகளின் மகள் வயதுதான் இருக்கும். என்னைத் தனியே அழைத்துப்போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்துதான் பேசினாள். நின்றபடி சொல்லிவிட்டுப் போகவில்லை என்பதை நான் கவனித்தேன். "எரியலன்னு சொல்றாரு டாக்டர்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். அவள் சொன்னாள்: "ஆழமா வெந்த எடத்துல வலி தெரியாதும்மா. நரம்பு செத்துடும். வலிக்கிற எடந்தான் உசுரோட இருக்கிற எடம்." பிறகு வயது, உடம்பில் பாதிக்கு மேல் வெந்தது, உள்ளே போன புகை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "மூணையும் சேத்துப் பாத்தா பொழைக்கிறது கஷ்டம். கஷ்டம்னு நாங்க சொன்னா, முடியாதுன்னுதாம்மா அர்த்தம். ஆனா இப்ப தெளிவா இருக்காரு. சாயங்காலம் இந்தத் தெளிவு இருக்காது. யாரெல்லாம் பேசணுமோ இப்பவே பேசிடச் சொல்லுங்க. அவருக்கும் சொல்லணும்னா பக்குவமா நான் சொல்றேன்."

"அவர்கிட்ட யாரும் எதுவும் சொல்லக் கூடாது" என்றேன். வகுப்பறையில் பேசும் குரல் அது. டாக்டர் என் முகத்தைப் பார்த்தாள், வற்புறுத்தவில்லை.

நீ முதல் முறை கூப்பிட்டது அப்போதுதான். எதிர்வீட்டுக்காரர் உனக்குத் தகவல் சொல்லியிருந்தார். "அப்பா எப்டி இருக்காரும்மா, பேசுறாரா?" என்றாய். "நினைவில்லப்பா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய குரல் கரகரத்துப்போயிருந்தது, அதைக் கேட்டால் நீ உடைந்துபோவாய் என்று நினைத்தேன். நீ அழுதால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நினைத்தேன். இந்த இரண்டு காரணங்களையும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். மூன்றாவது காரணம் ஒன்று இருந்தது. எப்படி ஆச்சுப்பா என்று நீ கேட்பாய், உங்கம்மாதான் கொளுத்தச் சொன்னா என்று அவர் சொல்லிவிடுவார். வேண்டுமென்று சொல்லமாட்டார், சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அதற்குப் பயந்துதான் போனை அவர் காதருகே கொண்டுபோகவில்லை.

பதினோரு மணிக்கு மேல் ஒரு மாஜிஸ்திரேட் வந்தார். தீக்காயத்தோடு ஒருவரைக் கொண்டுவந்தால், அது எப்படி நடந்தது என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்வது வழக்கமாம். சொந்தக்காரர்கள் யாரும் அறையில் இருக்கக் கூடாது என்று என்னை வெளியே அனுப்பினார்கள். நோயாளி தெளிவாக இருக்கிறார் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பேசுவதும், மாஜிஸ்திரேட் குனிந்து கேட்பதும், எழுதுவதும் தெரிந்தது. நீ இரண்டாவது முறை கூப்பிட்டது அந்த நேரத்தில். அவருடைய உதடுகள் அசைவதைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் கண்ணு முழிக்கலப்பா" என்று உன்னிடம் சொன்னேன்.

பன்னிரண்டு மணிவாக்கில் நம் பங்குச் சாமியார் கடலூரிலிருந்து பைக்கில் வந்துவிட்டார். பதினைந்து வருஷம் நம் கோவிலில் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவள் நான். எண்ணெய் பூசிச் செபிக்கும் அவஸ்தைப் பூசுதல் சாவதற்கான சடங்கு இல்லை, நோயாளிக்குத் தெம்பு கொடுக்க வந்த அருட்சாதனம், நினைவு இருக்கும்போதே கேட்டுப் பெற வேண்டும் என்று எத்தனை பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன். ஆனால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். நினைவு தப்பும் வரைக்கும் சாமியாரை வாசலிலேயே நிறுத்திவைப்பார்கள், பார்த்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று. அதைப் பார்த்து நான் பலமுறை கோபப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு நானும் அதையேதான் செய்தேன். "ஃபாதர், அந்தக் கழுத்துல போடுற பட்டையையும் எண்ணெயையும் பைக்குள்ள வச்சிடுங்க. சும்மா பாக்க வந்த மாதிரி வாங்க" என்றேன். ஆஸ்பத்திரி அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு அவர் உள்ளே வந்தார்.

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன ஃபாதர், எண்ணெய் கொண்டாந்தீங்களா?"

"ச்சூ, சும்மா பாக்க வந்திருக்காருங்க" என்றேன் நான்.

"சும்மா பாக்கவா கடலூர்லேந்து பைக்குல வருவாரு, பெட்ரோல் விக்கிற வெலயில?"

சாமியார் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. "செபம் பண்ணிக்கிறேன் ஐயா" என்று மட்டும் சொல்லி, கண்ணை மூடி நின்றுவிட்டு வெளியே வந்தார். அப்பா தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ண விரும்பினாரா என்று அவர் கேட்கவில்லை, கேட்க நான் விடவில்லை. வெளியே வந்ததும், "டீச்சர், அவர் நம்ம ரெண்டு பேரையும்விடத் தெளிவா இருக்காரு" என்றார்.

ஒரு மணிக்கு நீ மூன்றாவது முறை கூப்பிட்டாய். டிக்கெட் கிடைத்துவிட்டது, நாளை மதியம் சென்னையில் இறங்குவேன் என்றாய். "வா" என்றேன். "அப்பா காதுல போனை வைங்கம்மா, நினைவு இல்லன்னாலும் பரவால்ல, நான் பேசுறேன்" என்றாய். உள்ளே போனை விடமாட்டார்கள் என்று சொன்னேன். அதுவும் பொய். டாக்டர் இரண்டு முறை கேட்டுவிட்டாள், மகனோடு பேசவைத்தீர்களா என்று.

இரண்டு மணிக்கு மேல் அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. மூச்சில் ஒரு இழுப்பு வந்தது. டாக்டர் மறுபடி என்னை உட்காரவைத்தாள். "தொண்டை உள்ள வீங்குதும்மா. குழாய் போடணும்னா இப்பவே போடணும். போட்டா அவரால பேச முடியாது, தூங்க வச்சிடுவோம். அப்புறம் முழிப்பாருன்னு நான் சொல்லமாட்டேன். போடாட்டி, மூச்சு முட்டாம, வலி தெரியாம மருந்து குடுத்துப் பாத்துக்குவோம். கைவிட்டுட மாட்டோம். அவரு முழிச்சுத்தான் இருக்காரு. வாங்க, அவர்கிட்டயே கேப்போம்." நான் எழுந்திருக்கவில்லை. "வேணாம் டாக்டர். அவரைக் கேக்க வேணாம். குழாய் வேணாம். நான் சொல்றதுதான் அவர் சொல்றது" என்றேன்.

தப்பு அந்த இடத்தில்தான். குழாய் வேண்டாம் என்றது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. இன்னும் பத்து நாள், வெந்த உடம்பைச் சுரண்டிச் சுரண்டிக் கட்டுப்போட்டு, இயந்திரத்தின் மூச்சில் கிடந்து, யாருக்கும் கண் திறக்காமல் போவதைவிட அவர் போன விதம் மேல். ஆனால் அது அவர் சொல்ல வேண்டிய பதில், அதைச் சொல்ல அவருக்கு வாய் இருந்தது. நாற்பத்தொன்பது வருஷம் ஓட்டலில் அவருக்கு என்ன வேண்டும் என்று சர்வரிடம் சொன்னது நான். தையல்காரனிடம் காலர் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னது நான். "அவருக்குச் சக்கரை இல்லாம" என்று காபிக்கு நான் சொல்லும்போது அவர் பேசாமல் இருப்பார். அந்தப் பழக்கத்திலேயே அவருடைய சாவுக்கும் நான் பதில் சொல்லிவிட்டேன்.

நாலு மணிக்கு உன் அத்தை வந்தாள். அழுது முடித்துவிட்டு, "அண்ணனை வீட்டுக்குக் கொண்டு போயிடலாம் அண்ணி. உசுரு வீட்டுல போவட்டும். பொறந்த ஊரு ஜனம் இருக்கையில இப்டி அனாதையாட்டம் இங்கியா?" என்றாள். நம் பக்கத்தில் எல்லோரும் செய்வது அதுதான், அவள் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை. நான் மறுத்தேன். கையில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த வலி மருந்து வீட்டில் இறங்காது. அந்தப் பள்ளமான ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் அவர் என்ன பாடுபடுவார் என்று காலையில் கண்ணால் பார்த்தவள் நான். "எப்பவும் உங்க இஷ்டந்தான்" என்று உன் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தக் குழாய்க் கதை அந்தக் கோபத்திலிருந்து வந்தது. மறுத்தது சரிதான். ஆனால் எப்பவும் உங்க இஷ்டந்தான் என்று அவள் சொன்னதும் சரிதான்.

மறுநாள் காலையில் அவர் மருந்தின் மயக்கத்தில் இருந்தார். பண்ருட்டியைச் சேர்ந்த ஒரு நர்ஸ்பெண் டூட்டியில் இருந்தாள். கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்த மானிட்டரின் சத்தத்தை நிறுத்தினாள். உதட்டை ஈரப்பஞ்சால் துடைத்துவிட்டாள். நான் எங்கே தொடுவது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கை, மார்பு, நெற்றி எல்லாம் கட்டு. அவள் போர்வையின் கீழ்முனையைத் தூக்கி, "இங்க தொடுங்க ஆயா, இங்க ஒண்ணும் ஆவல" என்றாள். பாதம். ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் உள்ளங்கால் மட்டும் பழையபடியே இருந்தது. எங்கள் கல்யாணத்தன்று உன் அப்பாவின் அம்மா என்னை அவர் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னார். சாமியைத் தவிர யார் காலிலும் விழமாட்டேன் என்று பந்தலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "விடும்மா, எங்காலு அவ்ளோ சுத்தமாவும் இல்ல" என்று அவர்தான் சமாளித்தார். இத்தனை வருஷத்தில் ஒருமுறையும் நான் அந்தக் காலைத் தொட்டதில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து பிற்பகல் மூன்றே கால் வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். சாமியார் திரும்பி வந்து எண்ணெய் பூசியதும் அங்கேதான், வேறு இடம் இல்லை. விரல்நுனியிலிருந்து மெல்லக் குளிர்ந்து வந்தது. மூச்சு நின்றது எனக்கு முதலில் கையில்தான் தெரிந்தது.

அவருடைய மூக்குக் கண்ணாடியை ஒரு கவரில் போட்டுக் கொடுக்கும்போது அந்தப் பெண் சொன்னாள்: "நேத்து காலையில, அந்த மாஜிஸ்திரேட்டு வர்றதுக்கு முன்ன, தாத்தா என்னைக் கேட்டாரு, எனக்கு முடிஞ்சிடுச்சாம்மான்னு. நான் மறைக்கல ஆயா, மன்னிச்சுக்குங்க. எனக்குத் தெரியும்னு டீச்சர்கிட்ட சொல்லிடாத, அவ பயந்துடுவான்னாரு. அப்புறம் பையன் வெளிநாட்டுலேந்து எப்படியும் கெளம்பி வருவான், மெட்ராஸ்ல எறங்குனா டிரைவரைப் பின்னால ஒக்கார வச்சிட்டு அவனே ஓட்டுவான், கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுவான், மெதுவா வரச் சொல்லு, நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்னு சொன்னாரு." உனக்கு என்று அவர் விட்டுப்போன வார்த்தை அது. மெதுவாக வரச் சொன்னார், ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டேன் என்றார். நீ தாமதமாக வந்துவிட்டதாக இன்றைக்கும் மருகுகிறாய் என்று உன் மனைவி சொல்கிறாள். அந்த மருகலைத் தீர்க்கும் வார்த்தையை ஒரு வருஷமாக நான் பூட்டிவைத்திருந்தேன். அதைச் சொன்னால், அப்பா எப்போது பேசினார் என்று நீ கேட்பாய்.

பதினைந்து நாளுக்கு முன்னால் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர் கூப்பிட்டார். விபத்து என்று வழக்கை முடித்துவிட்டோம், வாக்குமூலத்தின் நகல் வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அந்தக் காகிதத்தை நினைத்துத்தான் நான் ஒரு வருஷம் பயந்துகொண்டிருந்தேன். அதில் என் வார்த்தை இருக்கும், முப்பது வருஷம் லேபில் இருந்தவருக்குத் தெரியாதா என்று. ஸ்டேஷனில் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். ஒன்றரைப் பக்கம். அதில் இப்படி இருக்கிறது: "குப்பையைக் கொளுத்த வேண்டாம், திங்கட்கிழமை ஆள் வந்து அள்ளுவான் என்று என் மனைவி சொன்னார். நான் கேட்கவில்லை. என் சொந்த இஷ்டத்தில்தான் செய்தேன். யார் மீதும் எனக்குப் புகார் இல்லை." கீழே கையெழுத்து இல்லை. கைவிரல்கள் வெந்திருந்ததால் வலது கால் பெருவிரலில் மை தடவி ரேகை வைத்திருக்கிறார்கள்.

நீ ஆறாவது படிக்கும்போது மறைக்கல்வி வகுப்புக்குப் போனதாகப் பொய் சொல்லிவிட்டுப் பையன்களோடு சைக்கிளில் கடற்கரைக்குப் போய்வந்தது நினைவிருக்கும். நான் பொய் சொல்ல மாட்டேன் என்று இருநூறு தடவை எழுதச் சொன்னேன். மறுநாள் நோட்டைப் பார்த்தால், வலப்பக்கம் சாய்ந்துகொண்டே வந்த எழுத்து பாதிக்கு மேல் திடீரென்று நிமிர்ந்து நிற்கிறது. நீ தூங்கிவிட்டாய், மீதியை அவர் எழுதியிருக்கிறார். உன்னை உட்காரவைத்து மறுபடி இருநூறும் எழுத வைத்தேன். அவரோடு மூன்று நாள் பேசவில்லை. பிள்ளையைப் பொய்யனாக்குகிறீர்கள் என்றேன். "பையன் கை வலிக்குதுன்னான், என்ன பண்றது" என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. இப்போது எனக்காகவும் எழுதியிருக்கிறார். சாகப்போவது தெரிந்தவர், ஒரு நீதிபதியின் முன்னால். அதைத் திருத்தவோ திருப்பி எழுத வைக்கவோ எனக்கு வழியில்லை. நகலை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். மேலே இருக்கும் நேரத்தைப் பார். உன் போனில் அன்றைய அழைப்புகள் இன்னும் இருந்தால் ஒத்துப்பார்த்துக்கொள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், எனக்கு எழுபத்தைந்து ஆகிறது. இதயம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்றைக்கோ ஒருநாள் என்னைப் பற்றியும் யாராவது ஒருவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்கப்போகிறார்கள். அதனால் என் விருப்பங்களை எழுதி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னால் கையெழுத்துப் போடப் போகிறேன். சட்டப்படி செல்லும் என்று விசாரித்துவிட்டேன். பிழைக்க வழியில்லாதபோது குழாய் வேண்டாம். வலிக்கு மருந்து வேண்டும், எவ்வளவு தேவையோ அவ்வளவு. வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். சாமியார் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எண்ணெயைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக வரட்டும். இதற்கெல்லாம் மேலே ஒன்று எழுதப்போகிறேன்: எனக்கு நினைவு இருக்கும் வரை என்னிடம் உண்மையைச் சொல்லி, என்னைக் கேட்க வேண்டும். நான் பயந்தால் பயந்துவிட்டுப் போகிறேன். எனக்கு நினைவில்லாதபோது எனக்காகப் பேசும் ஆள் என்று ஒரு பெயர் அதில் எழுத வேண்டும். உன் பெயரை எழுதலாமா?

சும்மா சரி என்று சொல்லிவிடாதே. அந்த ஐந்து மணி நேரத்தை உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டவள் நான். அப்படிப்பட்டவளுக்காக நீ பேச வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முடியாது என்றால் உன் அத்தையைக் கேட்பேன். சிரிக்காதே. அவளாவது என் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசுகிறவள்.

இதற்குப் போனில் பதில் சொல்லாதே. போனில்தான் நான் உன்னை ஏமாற்றினேன். நீயும் போனில் மாத்திரையையும் மழையையும் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவாய். காகிதத்தில் எழுது. கோபம் இருந்தால் அதை முதலில் எழுது. பிறகு உன் பெயரைப் போடலாமா கூடாதா என்று ஒரு வரி எழுது. டைப் செய்யாமல் உன் கையாலேயே எழுதித் தபாலில் அனுப்பு. எழுத்து கடைசி வரி வரைக்கும் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

அம்மா